ஒரே நாளில் வந்த 13,332 நோயாளிகள்

2020 பிப்ரவரி 12ஆம் தேதிக்கான கரோனா வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒற்றைக் கம்பம் இன்னும் நினைவிருக்கும். அதுவரை தினமும் இரண்டாயிரம், மூவாயிரம் என்று போய்க்கொண்டிருந்த சீனாவின் ஹூபே மாகாணக் கணக்கு, அன்று ஒரே நாளில் 14,840 ஆக எகிறியது. வரைபடத்தின் அளவையே மாற்றி வரைந்தால்தான் அந்தக் கம்பம் பக்கத்துக்குள் அடங்கும் என்ற நிலை. நோய் கைமீறிப் போய்விட்டது என்று ஒரு தரப்பு சொன்னது. இவ்வளவு நாள் மறைத்துவைத்ததை இன்றைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று இன்னொரு தரப்பு சொன்னது.

காரணம் அதைவிடச் சாதாரணமானது. அந்த 14,840 பேரில் 13,332 பேர் பிசிஆர் பரிசோதனையில் உறுதியானவர்கள் அல்லர். அறிகுறிகளும், சி.டி. ஸ்கேனில் தெரிந்த நுரையீரல் அழற்சியும் இருந்தவர்கள். ஆய்வுக்கூட முடிவு வந்தால்தான் நோயாளி என்றிருந்த விதியை ஹூபே மாகாணத்துக்கு மட்டும் தளர்த்தி, மருத்துவர் பார்த்து முடிவு செய்தாலே போதும் என்று ஆக்கினார்கள். அதுவரை 'சந்தேகத்துக்குரியவர்' என்ற பட்டியலில் கிடந்தவர்கள் கூட்டமாக அடுத்த பட்டியலுக்குப் போனார்கள். சில நாள்களிலேயே அந்தப் பிரிவு நீக்கவும்பட்டது. கம்பம் மட்டும் வரைபடத்தில் நின்றுவிட்டது.

பொதுச் சுகாதாரத் தரவுகளைத் தொகுத்து, அட்டவணையாகவும் வரைபடமாகவும் ஆக்கித் தருவதுதான் என் வேலை. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட கம்பங்கள் பழக்கமானவை. யாராவது கேட்டால், 'வரையறை மாறியிருக்கிறது, அடிக்குறிப்பைப் பாருங்கள்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் என்னை உறுத்துவது கம்பம் அல்ல. கம்பம் கண்ணில் படும், யாராவது கேள்வி கேட்பார்கள், விளக்கம் வரும். வரையறை மாறும்போது எண்ணிக்கையோடு சேர்ந்து வேறு சில எண்களும் நகர்கின்றன: இறப்பு விகிதம், குணமாகும் விகிதம், நோயோடு வாழும் காலம், நோய் பரவும் வேகம். இவற்றில் முதல் மூன்றும் பெரும்பாலும் நல்ல திசையில்தான் நகரும். நல்ல செய்தியை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

ஹூபேயிலிருந்தே தொடங்கலாம். 2020 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் சீனாவின் தேசிய சுகாதார ஆணையம் கரோனாவுக்கு ஏழு முறை வரையறை வெளியிட்டது. அவற்றில் முதலாவதைப் படித்துப் பார்த்தால், அதன்படி நோயாளி ஆவது எவ்வளவு கடினம் என்று தெரியும். அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் அவர் வூஹானுக்குப் போயிருக்க வேண்டும், அல்லது அங்குள்ள சந்தைகளோடு தொடர்பு இருந்திருக்க வேண்டும். காய்ச்சல் இருக்க வேண்டும். நுரையீரல் படத்தில் நிமோனியா தெரிய வேண்டும். வெள்ளணுக்கள் இயல்பாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். மூன்று நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தும் தேறாமல் இருக்க வேண்டும். இவ்வளவும் கூடினால்தான் அவர் சந்தேகத்துக்குரியவர். உறுதியாக வேண்டுமென்றால் வைரஸின் மரபணு வரிசையும் பொருந்த வேண்டும்.

இருமலும் உடல்வலியுமாக வந்து, நுரையீரல் படம் சுத்தமாக இருந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த விதிப்படி அவர் நோயாளி அல்லர். வூஹானுக்குப் போகாமல், போய்வந்த உறவினரிடமிருந்து தொற்றிக்கொண்டவரும் அல்லர். புதிய நோய் ஒன்று முளைக்கும்போது இப்படி இறுக்கமாக வைப்பதில் நியாயம் இருக்கிறது. குளிர்காலத்தில் இருமும் எல்லோரையும் எண்ணத் தொடங்கினால் நோயின் முகமே தெரியாமல் போய்விடும். ஆனால் அந்த இறுக்கத்துக்கு ஒரு விலை உண்டு.

ஹாங்காங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் சாங்கும் அவருடைய சகாக்களும் அந்த விலையைக் கணக்கிட்டு, அதே ஆண்டில் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் வெளியிட்டார்கள். முதல் வரையறையிலிருந்து இரண்டாவதற்குப் போனபோது, தொற்றியவர்களில் கணக்குக்குள் வருவோரின் பங்கு 7.1 மடங்கானது. இரண்டிலிருந்து நான்குக்கு 2.8 மடங்கு. நான்கிலிருந்து ஐந்துக்கு 4.2 மடங்கு. ஐந்தாவது வரையறையே தொடக்கத்திலிருந்து இருந்து, போதிய பரிசோதனை வசதியும் இருந்திருந்தால், பிப்ரவரி 20 வரை அறிவிக்கப்பட்ட 55,508 பேருக்குப் பதில் சுமார் 2,32,000 பேர் கணக்கில் வந்திருப்பார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு.

நான்கு மடங்கு வேறுபாடு என்பது தலைப்புச் செய்திக்கு உரியதுதான். ஆனால் அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வரையறையைப் படிப்படியாகத் தளர்த்திக்கொண்டே போனால், ஒவ்வொரு படியிலும் நோய் நிஜத்தில் பரவாத அளவுக்குக் கணக்கில் பரவும். நேற்று ஏழில் ஒருவரை எண்ணிவிட்டு இன்று ஏழு பேரையும் எண்ணினால், ஒரு இரவில் நோய் ஏழு மடங்கு பெருகியதாக வரைபடம் சொல்லும். அந்த வரைபடத்திலிருந்து 'எண்ணிக்கை எத்தனை நாளில் இரட்டிக்கிறது' என்று கணக்கிட்டால், நோய் இருப்பதைவிட வேகமானதாகத் தெரியும். எத்தனை படுக்கை, எவ்வளவு ஆக்சிஜன், எப்போது ஊரடங்கு என்ற முடிவுகளெல்லாம் அந்த வேகத்தை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன. நோய் பரவும் வேகம் மட்டும் கெட்ட திசையில் நகரும் எண். அதனால்தான் அதை மட்டும் உடனே ஆராய்ந்தார்கள் போலிருக்கிறது.

நல்ல திசையில் நகரும் எண்களுக்கு வருகிறேன். கற்பனைக் கணக்கு ஒன்று. ஒரு நோயின் கடுமையான வடிவத்தை மட்டும் எண்ணுகிறோம்: 100 பேர், அவர்களில் 10 பேர் இறக்கிறார்கள். இறப்பு விகிதம் 10 சதவீதம். அடுத்த ஆண்டு வரையறையை விரித்து லேசான வடிவத்தையும் சேர்க்கிறோம். கூடுதலாக 300 பேர் வருகிறார்கள், அவர்களில் 3 பேர் இறக்கிறார்கள். இப்போது 400 பேரில் 13 மரணங்கள். விகிதம் 3.25 சதவீதம். சென்ற ஆண்டும் இதே 13 பேர்தான் இறந்திருப்பார்கள், ஆனால் அவர்களில் மூவர் வேறு நோயின் பெயரில் பதிவாகியிருப்பார்கள். ஓர் உயிர்கூடக் காப்பாற்றப்படவில்லை. ஆனால் ஆண்டறிக்கையில் 'இறப்பு விகிதம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது' என்று எழுதினால் அது பொய்யும் அல்ல.

மாரடைப்பில் ஏறக்குறைய இதுதான் நடந்தது. 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய, அமெரிக்க இதயநோய் அமைப்புகள் கூடி, ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவை மையமாக வைத்து மாரடைப்பை மறுவரையறை செய்தன. பழைய சோதனைகளுக்குச் சிக்காத சின்னஞ்சிறு தசைச் சேதத்தையும் ட்ரோபோனின் காட்டிக்கொடுத்துவிடும். முன்பு 'நெஞ்சு வலி' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மாரடைப்பு நோயாளிகள் ஆனார்கள். சிகிச்சையும் அந்தக் காலத்தில் மெய்யாகவே மேம்பட்டது என்பதால், மாரடைப்புக்குப் பின் பிழைப்போர் விகிதம் கூடியதில் எவ்வளவு மருந்துக்கு, எவ்வளவு ட்ரோபோனினுக்கு என்று பிரிப்பது சிரமமான வேலை. பாராட்டு விழாக்களில் அந்த வேலையை யாரும் செய்வதில்லை.

இதைவிட விசித்திரமான ஒன்று இருக்கிறது. 1985இல் ஆல்வன் ஃபைன்ஸ்டைன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் நுரையீரல் புற்றுநோயாளிகளின் இரு தலைமுறைகளை ஒப்பிட்டார்கள். பிந்தைய தலைமுறையினர் நோயின் ஒவ்வொரு கட்டத்திலும் முந்தையவர்களைவிட அதிக காலம் வாழ்ந்ததாகத் தரவு சொன்னது. முதல் கட்டத்தில் முன்னேற்றம், இரண்டாம் கட்டத்தில் முன்னேற்றம், மூன்றிலும் முன்னேற்றம். ஆனால் நோயாளிகளை அறிகுறிகளின்படி வகைப்படுத்திப் பார்த்தபோது அந்த முன்னேற்றம் காணாமல் போனது. புதிய ஸ்கேன் கருவிகள் ஒளிந்திருந்த பரவலைக் கண்டுபிடித்ததால், முன்பு முதல் கட்டம் என்று எழுதப்பட்டிருக்கக்கூடிய சிலர் இப்போது மூன்றாம் கட்டத்துக்குப் போயிருந்தார்கள். அவர்கள் முதல் கட்டத்திலேயே மோசமானவர்கள், ஆகவே அவர்கள் விலகியதும் முதல் கட்டத்தின் சராசரி உயர்ந்தது. மூன்றாம் கட்டத்தில் அவர்கள்தான் நல்ல நிலையில் இருந்தவர்கள், ஆகவே அங்கேயும் சராசரி உயர்ந்தது. ஒரு மாநிலத்து மக்கள் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்ததால் இரண்டு மாநிலங்களின் சராசரி அறிவும் உயர்ந்தது என்று கிண்டலடித்ததாகச் சொல்லப்படும் நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸின் பெயரையே ஃபைன்ஸ்டைன் இந்த விளைவுக்கு வைத்தார்.

நம்பக் கடினமாக இருந்தால் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். பத்துப் பேர். அவர்களுக்குச் சிக்கல் வரும் அபாயம் முறையே 1, 2, 3 என்று 10 சதவீதம் வரை. முதல் ஐவர் 'நலமானவர்கள்', சராசரி அபாயம் 3. அடுத்த ஐவர் 'நோயாளிகள்', சராசரி 8. இப்போது எல்லையைச் சற்று இறக்கி, 5 சதவீத அபாயம் உள்ளவரை நோயாளி ஆக்குங்கள். நலமானவர்களின் சராசரி 2.5. நோயாளிகளின் சராசரி 7.5. இரு பக்கமும் முன்னேற்றம். பத்துப் பேரின் மொத்தச் சராசரி மட்டும் அசையாமல் 5.5இல் நிற்கிறது. அதை அச்சிடும் வழக்கம் பெரும்பாலான அறிக்கைகளில் இல்லை.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கொழுப்பு, எலும்பு மெலிதல் போன்றவற்றில் இந்தச் சிக்கல் அடிப்படையிலேயே இருக்கிறது. கரோனா வைரஸ் உடலில் இருக்கும் அல்லது இருக்காது. ரத்த அழுத்தம் எல்லோருக்கும் இருக்கிறது, இல்லாதவர் உயிரோடு இல்லை. எங்கே கோடு கிழிப்பது என்பதைக் குழுக்கள் கூடித் தீர்மானிக்கின்றன. அந்தக் கோட்டைச் சிறிதளவு நகர்த்தினால் எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்பது, நகர்த்திய தூரத்தைவிட, கோடு விழும் இடத்தில் எவ்வளவு கூட்டம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தேர்வில் 95 மதிப்பெண் எல்லையை 90 ஆக்கினால் கூடுதலாகச் சிலர் தேறுவார்கள், 55ஐ 50 ஆக்கினால் பாதி வகுப்பே தேறிவிடும்.

லிசா ஷ்வார்ட்ஸ், ஸ்டீவன் வொலோஷின் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் அமெரிக்கத் தரவை வைத்து இதை எண்ணிக் காட்டினார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரையின் எல்லையை 140இலிருந்து 126க்கு இறக்கியதால் 17 லட்சம் புதிய சர்க்கரை நோயாளிகள், அதாவது 14 சதவீத உயர்வு. ரத்த அழுத்த எல்லை 160/100இலிருந்து 140/90க்கு வந்ததால் 1.35 கோடி பேர், 35 சதவீத உயர்வு. உடல் எடைக் குறியீட்டின் எல்லை 27இலிருந்து 25க்கு வந்ததால் 2.95 கோடி பேர், 42 சதவீதம். கொழுப்பு எல்லையை 240இலிருந்து 200க்கு இறக்கினால் 4.26 கோடி பேர், 86 சதவீதம். கொழுப்பில் மட்டும் ஏன் இந்தப் பாய்ச்சல்? அன்றைய அமெரிக்கர்களின் சராசரிக் கொழுப்பே 200ஐ ஒட்டித்தான் இருந்தது. கோடு கூட்டத்தின் நட்டநடுவில் போய் விழுந்தது. நான்கையும் சேர்த்தால், வயதுவந்தோரில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஒரு நோய் இருப்பதாக ஆனது.

2017 நவம்பரில் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் ரத்த அழுத்தக் கோட்டை 130/80க்கு இறக்கின. அமெரிக்காவில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 7.22 கோடியிலிருந்து 10.33 கோடி ஆனார்கள், 31.9 சதவீதத்திலிருந்து 45.6 சதவீதம். ஐரோப்பிய அமைப்புகள் மறு ஆண்டே தங்கள் வழிகாட்டுதலை வெளியிட்டு 140/90இலேயே நின்றன. வீட்டுக் கருவியில் என் அழுத்தம் பெரும்பாலும் 134/84ஐச் சுற்றி இருக்கும். அமெரிக்க விதிப்படி நான் முதல் நிலை உயர் ரத்த அழுத்த நோயாளி. 2018இன் ஐரோப்பிய விதிப்படி 'இயல்பின் மேல் எல்லையில்' இருக்கும் ஆரோக்கியமானவன். 2024இல் ஐரோப்பியர்கள் 120-139/70-89க்கு 'உயர்ந்த அழுத்தம்' என்று புதிதாக ஒரு பிரிவை உண்டாக்கினார்கள், இப்போது அதில் இருக்கிறேன். இந்த ஆண்டுகளில் என் ரத்தக் குழாய்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை. என்னைப் போல 130க்கும் 140க்கும் இடையில் இருப்பவர்கள் கோடிக்கணக்கில் ஒரு பக்கம் சேர்ந்தால் 'கட்டுப்படாத ரத்த அழுத்தம்' உள்ளவர்களின் விகிதம் என்னாகும், அதே கூட்டத்தில் பக்கவாதம் வருவோரின் விகிதம் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். இரண்டுக்கும் எங்கள் இதயங்கள் பொறுப்பல்ல.

இந்த இடத்தில் பலரும் எடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு: எல்லாம் மருந்து நிறுவனங்களின் வேலை. அதில் பாதி உண்மை இருக்கிறது. ரே மொய்னிஹன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2013இல் 16 வரையறை ஆவணங்களைப் பரிசீலித்தபோது, பத்து வரையறையை விரித்திருந்தன, ஒன்றே ஒன்றுதான் குறுக்கியிருந்தது. உறுப்பினர்களின் தொடர்புகளை வெளியிட்டிருந்த குழுக்களில் சராசரியாக 75 சதவீதத்தினருக்கு மருந்துத் துறையோடு உறவு இருந்தது. விரிப்பதால் வரக்கூடிய தீங்கை ஒரு குழுகூட முறையாக அளந்து எழுதவில்லை. இவற்றில் எனக்குக் கடைசி வரிதான் மிக மோசமானதாகப் படுகிறது. உறவு இருப்பதனால் மட்டும் முடிவு தவறாகிவிடாது, தீங்கை எண்ணாமல் விட்டால் முடிவே இல்லை.

மறுபாதியையும் சொல்ல வேண்டும். 2015இல் வெளியான 'ஸ்பிரிண்ட்' ஆய்வில், இதய அபாயம் அதிகமுள்ள 9,361 பேரில் ஒரு சாராருக்கு மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள், மற்றவர்களுக்கு 140க்குக் கீழே. முதல் சாராரில் இதயப் பாதிப்புகள் கால்வாசி குறைந்தன. 2017இன் புதிய கோட்டுக்குப் பின்னால் இப்படிப்பட்ட சான்றும் இருக்கிறது. தவிர, புதிதாகப் பெயர் சூட்டப்பட்ட மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்களில் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டவர்கள் சுமார் 42 லட்சம் பேர்தான். மற்றவர்களுக்கு நடை, உப்பைக் குறைத்தல் என்பதோடு சரி. எண்ணிக்கை வேறு, சிகிச்சை வேறு. பத்திரிகைகள் முதலாவதைத்தான் அச்சிட்டன.

சரி, ஒரு வரையறையை விரித்தது நல்லதா கெட்டதா என்று எப்படித்தான் அறிவது? விகிதங்களை நம்ப முடியாது என்று மேலே பார்த்தோம். என் மதிப்பில் இதற்கு மிக நேர்மையான பதில் நியூஸிலாந்திலிருந்து வந்தது. கர்ப்பகால சர்க்கரை நோய்க்கு 2010இல் ஒரு சர்வதேசக் குழு எல்லையைக் கீழே இறக்கியது. அதை ஏற்கலாமா என்று பல நாடுகள் வாதிட்டுக்கொண்டிருந்தன. நியூஸிலாந்து ஆய்வாளர்கள் வரையறையையே ஒரு மருந்து போல நடத்தினார்கள். நாலாயிரத்துக்கும் சற்று மேற்பட்ட கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைத் தாழ்ந்த எல்லையாலும் மறுபாதியை உயர்ந்த எல்லையாலும் அளந்தார்கள். தாழ்ந்த எல்லையில் 15.3 சதவீதத்தினருக்கு நோய், உயர்ந்த எல்லையில் 6.1 சதவீதத்தினருக்கு. பிறகு இரு பாதியிலும் எல்லாக் குழந்தைகளையும் பார்த்தார்கள். அளவுக்கு மீறிப் பெரிதாகப் பிறந்தவை ஒரு பக்கம் 8.8 சதவீதம், மறுபக்கம் 8.9 சதவீதம்.

2022இல் வெளியான இந்த ஆய்வின் அழகு, அது விகிதத்தை யாருடைய மொத்த எண்ணிக்கையால் வகுத்துக் கணக்கிட்டது என்பதில் இருக்கிறது. 'நோயாளிகள்' என்று பெயர் பெற்றவர்களை மட்டும் ஒப்பிட்டிருந்தால், தாழ்ந்த எல்லைப் பக்கம் பிரமாதமாகத் தெரிந்திருக்கும். அங்கே லேசானவர்கள் நிறைய. ஆய்வாளர்களோ நோயாளிகளை விட்டுவிட்டு மொத்தக் கர்ப்பிணிகளையும் எண்ணினார்கள். மேலே தாளில் போட்ட 5.5ஐத்தான் அவர்கள் அளந்தார்கள்.

வரையறையை விரிப்பது என்றாலே சந்தேகப்பட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எய்ட்ஸின் கதை நேர்மாறானது. தொடக்ககால வரையறை, நோய் முதலில் காணப்பட்ட ஆண்களிடம் தென்பட்ட தொற்றுகளையும் புற்றுநோய்களையும் வைத்து எழுதப்பட்டது. எச்ஐவியால் பெண்களுக்கு வந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் அதில் இல்லை. ஊசி மூலம் போதைப் பழக்கத்துக்கு ஆளானவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட, திரும்பத் திரும்ப வரும் நிமோனியாவும் நுரையீரல் காசநோயும் இல்லை. கண்காணிப்புக்காக எழுதப்பட்ட அந்தப் பட்டியலை அமெரிக்க அரசு உதவித்தொகை அலுவலகங்களும் கையிலெடுத்தன. பட்டியலில் இல்லாத நோயால் செத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு எய்ட்ஸ் இல்லை, ஆகவே உதவித்தொகையும் எளிதில் இல்லை. பெண்களுக்கு எய்ட்ஸ் வருவதில்லை, அவர்கள் அதனால் சாகமட்டும் செய்கிறார்கள் என்று போராட்டக்காரர்கள் பதாகை பிடித்தார்கள்.

1993 ஜனவரி 1 முதல் வரையறை மாறியது. அந்த மூன்று நோய்களும் சேர்ந்தன. எச்ஐவி அழிக்கும் சிடி4 என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் 200க்குக் கீழே போனாலே எய்ட்ஸ் என்பதும் சேர்ந்தது. 1992இல் 49,106 ஆக இருந்த வயதுவந்தோர் எண்ணிக்கை 1993இல் 1,03,500 ஆனது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் புதிய நிபந்தனைகளால் வந்தவர்கள். அதற்கு அடுத்த ஆண்டு எண்ணிக்கை இறங்கியது, நோய் தணிந்ததால் அல்ல. சிடி4 ஏற்கெனவே 200க்குக் கீழே போய், பழைய விதிக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் 1993இலேயே ஒரேயடியாகப் பதிவாகித் தீர்ந்திருந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் புள்ளியியலாளர்கள் இந்த மேட்டையும் பள்ளத்தையும் அப்படியே விட்டுவிடவில்லை. சிடி4 குறைந்தவர்களுக்குப் பழைய பட்டியலிலுள்ள தொற்று எப்போது வந்திருக்கும் என்று மதிப்பிட்டு, பழைய அளவுகோலில் ஒரு கோட்டைத் தொடர்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டிலும் இதே வகையான விரிவு நடந்தது. 2006இல் உலக சுகாதார நிறுவனம் புதிய வளர்ச்சி அட்டவணையைக் கொண்டுவந்தது. எந்தக் குழந்தையின் எடையும் மாறவில்லை, ஒப்பிட வைத்திருந்த அளவுகோல் மாறியது. கடுமையாக மெலிந்த குழந்தைகள் இரண்டு முதல் நான்கு மடங்காவார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பின்னர் அறிவித்தன. நைஜர் நாட்டில் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் தரவை ஆராய்ந்தபோது எட்டு மடங்கு வந்தது. புதிதாக உள்ளே வரும் குழந்தைகள் சீக்கிரம் குணமாவார்கள், குறைவாக இறப்பார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆக, ஒரு சிகிச்சை முகாம் ஒன்றுமே செய்யாமல் தன் வெற்றி விகிதத்தை உயர்த்திக்கொள்ளலாம். ஆனாலும் அந்த மாற்றம் சரியானதுதான் என்பேன். புதிய கோட்டுக்குக் கீழே இருக்கும் குழந்தைகள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட ஒன்பது மடங்குக்கும் மேல். முகாம்களின் வெற்றி விகிதத்தை நம்பக் கூடாது என்பது வேறு, முகாமுக்குள் அந்தக் குழந்தைகளை விடக் கூடாது என்பது வேறு.

குறுக்கிய வரையறைகள் பற்றியும் ஒரு சொல். 1955இல், தடுப்பூசி வந்த அதே நேரத்தில், அமெரிக்காவில் பக்கவாத போலியோவின், அதாவது உடலை முடக்கும் போலியோவின், வரையறை இறுக்கப்பட்டது. அதுவரை குறுகிய கால வாதமும் கணக்கில் வந்தது, பிறகு 60 நாள் கழித்தும் வாதம் எஞ்சியிருக்க வேண்டும் என்றானது. தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, போலியோ குறையவில்லை, வரையறைதான் குறைத்தது என்கிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லிவரும் வாதத்தையே அவர்கள் தலைகீழாகப் பிடிக்கிறார்கள் என்பதால் பதில் சொல்லியாக வேண்டும். வரையறை மாற்றம் வரைபடத்தில் ஒரே ஒரு படியைத்தான் உண்டாக்கும். அந்தப் படிக்குப் பிறகு, புதிய வரையறை அப்படியே இருக்கும்போது, 1960இல் 2,525 ஆக இருந்த பக்கவாத போலியோ 1965இல் 61 ஆனது. அந்தச் சரிவை எந்த வரையறையும் விளக்காது.

எவ்வளவு வரையறையால், எவ்வளவு மெய்யாக என்று பிரிக்க முடியும், உழைப்புதான் வேண்டும். டென்மார்க்கில் 1980 முதல் 1991 வரை பிறந்த குழந்தைகளிடம் ஆட்டிசம் கூடியதை ஆராய்ந்தவர்கள் 2015இல் ஒரு முடிவு சொன்னார்கள். அங்கே 1994இல் நோயறியும் விதிகள் மாறின. 1995இல் புறநோயாளிகளையும் பதிவேட்டில் சேர்த்தார்கள். அதிகரிப்பில் 60 சதவீதம் இந்த இரண்டால் மட்டுமே விளங்கிவிட்டது. மீதி 40 சதவீதமும் மெய்யான அதிகரிப்பு என்று கொள்வதற்கில்லை, பெற்றோரும் ஆசிரியரும் கூடுதலாகக் கவனிக்கத் தொடங்கியதும் அதில் இருக்கலாம்.

இறப்புக் காரணங்களைத் தொகுப்பவர்களிடம் இதற்கு நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது. நோய்களின் சர்வதேச வகைப்பாட்டின் பதிப்பு மாறும்போது, ஓர் ஆண்டின் இறப்புச் சான்றிதழ்களைப் பழைய விதியாலும் புதிய விதியாலும் இரண்டு முறை வகைப்படுத்துகிறார்கள். இரண்டுக்கும் இடையிலான விகிதம் வெளியிடப்படும். அமெரிக்கா 1999இல் பத்தாவது பதிப்புக்கு மாறியபோது, ஃப்ளூ காய்ச்சல்-நிமோனியா மரணங்கள் புதிய விதியால் மட்டுமே சுமார் 30 சதவீதம் குறைந்தன, அல்சைமர் மரணங்கள் சுமார் 55 சதவீதம் கூடின. இந்த விகிதம் கையில் இருந்தால் 1998ஐயும் 1999ஐயும் ஒரே கோட்டில் வரையலாம். சலிப்பான வேலை, புகழ் கிடைக்காத வேலை. ஒரு வரையறையை மாற்றும் எந்தக் குழுவும் இப்படி இரட்டைக் கணக்கு ஓராண்டுக்காவது வைக்காமல் மாற்றக் கூடாது என்று விதி இருந்தால் என் பாதி வேலை மிச்சமாகும்.

அடுத்த பெரிய படி அல்சைமரில்தான் வரும் என்று நினைக்கிறேன். 2024இல் அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் வெளியிட்ட அளவுகோல்களின்படி, மூளையில் அமிலாய்டு புரதம் படிந்திருப்பது சோதனையில் தெரிந்தாலே நோய் இருக்கிறது, மறதி தொடங்கியிருக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஐரோப்பியர்கள் முன்னிலை வகிக்கும் சர்வதேசப் பணிக்குழு அதை மறுத்தது. அறிகுறி இல்லாதவர் அபாயம் உள்ளவர், நோயாளி அல்லர் என்பது அவர்கள் நிலை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2019இல் கணக்கிட்டபடி, 85 வயதில் உயிரியல் வரையறை தரும் எண்ணிக்கை அறிகுறி வரையறை தருவதைப் போல மூன்று மடங்கு. இந்த மும்மடங்கு செய்தியாகும், விவாதமாகும், யாராவது விளக்குவார்கள். அறிகுறி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. கணக்கை அங்கிருந்து தொடங்கினால், 'நோய் கண்டறிந்த பின் வாழும் சராசரிக் காலம்' பல ஆண்டுகள் நீளும், 'ஐந்து ஆண்டுகளில் நினைவை இழப்போர் விகிதம்' சரியும். அமிலாய்டைக் கரைக்கும் மருந்துகளும் இதே ஆண்டுகளில் சந்தைக்கு வந்திருக்கின்றன. அந்த நீட்சியை எந்த ஆவணம் முதலில் மருந்தின் பக்கத்தில் எழுதிவைக்கிறது என்று பார்க்க இப்போதே ஓர் அட்டவணை திறந்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு பத்தி பழைய வரையறைக்கு, ஒரு பத்தி புதியதற்கு, மூன்றாவது பத்தி அந்த வயதில் உள்ள எல்லோருக்கும்.